சிப்பிகளை எண்ணியவர்கள்: சென்னைக் கடலோர மெல்லுடலி ஆய்வின் வரலாறு

கடலைப் பற்றிப் பேசும் இறைவசனங்களில் மூன்று பயன்கள் அடுத்தடுத்து வருவதை அரபு கற்போர் அறிவர். கடல் உணவு தருகிறது, அணிகலன் தருகிறது, கலங்கள் செல்ல வழிவிடுகிறது. அந்நஹ்ல், ஃபாத்திர் ஆகிய இரு சூராக்களும் இவற்றைச் சுட்டுகின்றன. அர்ரஹ்மான் சூராவில் முத்தும் பவளமும் பெயர் சொல்லியே குறிக்கப்படுகின்றன. விரிவுரையாளர்கள் இவ்விடங்களில் முத்தின் வகைகளையும் விலையையும் விரித்துரைத்தனர். ஆனால் முத்தைப் பெற்றெடுக்கும் சிப்பியின் வாழ்வு அவர்களது விளக்கங்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும்.

அச்சிப்பியும், சங்கும், சோழியும், மட்டியும், நம் சமையலறைக்கு வரும் கணவாயும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது இன்றைய உயிரியலின் முடிவு. எலும்பில்லாத மென்மையான உடல் கொண்ட இவ்வுயிர்களை மெல்லுடலிகள் என்கிறோம். இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட மெல்லுடலி இனங்கள் 5,000-க்குச் சற்று மேற்பட்டவை. அவற்றுள் 3,300-க்கும் மேற்பட்டவை கடலில் வாழ்பவை. இத்தொகை ஒரே நாளில் கிடைத்ததன்று. யாரோ ஒருவர் கரையில் குனிந்து பொறுக்கி, கழுவி, ஒப்பிட்டு, பெயரிட்டு எழுதியதன் கூட்டுத்தொகை இது. அப்பணியின் பெரும்பகுதி நம் சென்னைக் கடற்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் நிகழ்ந்தது. அதன் ஒரு கிளை தாம்பரம் வரை வந்து வேரூன்றியது. அவ்வரலாற்றையும், அதில் நம் சமுதாயத்தார்க்கு இருந்த பங்கையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரபு நூல்களில் ஓட்டுயிர்கள்

ஹிஜ்ரி 237-இல் (கி.பி. 851) தொகுக்கப்பெற்ற ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் பயணச் செய்தித் தொகுப்பு மாலத்தீவுகளின் சோழியைப் பற்றிக் கூறுகிறது. தென்னை மட்டையை நீர்ப்பரப்பில் இட்டு, அதில் வந்து ஒட்டிக்கொள்ளும் சோழிகளைச் சேகரித்தனர் என்பது அதன் செய்தி. அல்பிரூனி (973-1048) தம் இந்திய நூலில் அத்தீவுக் கூட்டங்களை அவற்றின் விளைபொருளைக் கொண்டே இரண்டாகப் பிரித்தார். ஒன்று சோழித் தீவுகள். மற்றொன்று கயிற்றுத் தீவுகள். மணிகளைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ முத்துக்கு நீண்டதோர் இயலை ஒதுக்குகிறது. தமக்கு முன் எழுதிய அல்கிந்தி, நஸ்ர் அத்தீனவரி ஆகியோரின் கூற்றுகளையும் அவர் அதில் எடுத்தாண்டார். வணிகர் சொல்லையும் ஏட்டுச் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அவர் முறை இன்றைய ஆய்வாளர்க்கும் உவப்பானது.

இப்னு பதூதா ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் மாலத்தீவில் காழியாக இருந்தவர். சோழிகளைக் கரையில் குழிதோண்டி இட்டு, சதை அழுகி நீங்கியபின் வெண்மையான ஓட்டை எடுத்ததை அவர் எழுதியிருக்கிறார். நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொன் தீனார் என்றும், சில வேளை பன்னிரண்டு இலட்சம் வரை அதன் மதிப்புத் தாழும் என்றும் குறிக்கிறார். வங்காளத்து அரிசிக்கு விலையாகச் சென்றது இந்தச் சோழியே. ஓர் உயிரினத்தின் ஓடு பல நாடுகளின் நாணயமாகப் புழங்கிய காலம் அது.

முத்து எவ்வாறு உண்டாகிறது என்பதில் அக்காலத்து நம்பிக்கை வேறு. நீஸான் மாதத்து மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று அரபுலகில் பரவலாகச் சொல்லப்பட்டது. சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி என்று நம் நாட்டார் சொன்னதும் இதனோடு ஒத்தது. அந்நியப் பொருளோ ஒட்டுண்ணியோ உடலுக்குள் புகும்போது சிப்பி தன் ஓட்டின் உட்பூச்சுப் பொருளையே அதன்மீது அடுக்கடுக்காகச் சுரந்து மூடுகிறது, அதுவே முத்து என்று பிற்கால ஆய்வு தெளிவுபடுத்தியது. மழைத்துளிக் கதை அழகானது. ஆயினும் சிப்பியைத் திறந்து பார்த்தவர்களுக்கே விடை கிடைத்தது.

சட்ட நூலில் ஒரு சிறு சிப்பி

ஓட்டுயிர்களின் வகைப்பாடு நம் மத்ரஸாக்களில் வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. அது ஃபிக்ஹு என்னும் வாயில். கடலில் வாழும் உயிர்களுள் மீன் மட்டுமே உண்ணத்தக்கது என்பது ஹனபி மத்ஹபின் நிலை. நீரிலன்றி வாழாத கடலுயிர்கள் பொதுவாக ஆகுமானவை என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை. தமிழகக் கடலோர முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாபிஈகள். உள்நாட்டிலும் வடபகுதியிலும் ஹனபிகள் மிகுதி. இவ்விரு சாராரும் கலந்து வாழும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற புறநகர்களில், ஒரு வீட்டில் விரும்பிச் சமைக்கப்படும் கணவாய் அடுத்த வீட்டில் தவிர்க்கப்படுவதைக் காணலாம். ‘இது மீனா, அன்றா’ என்னும் வினா இங்கே ஏட்டளவில் நிற்பதன்று.

எகிப்தில் ‘தனீலஸ்’ என்றொரு சிறு சிப்பியை மக்கள் உண்டு வந்தனர். அது ஆகுமானதா என்ற வினா ஷாபிஈ அறிஞர்களிடையே எழுந்தது. இப்னு அத்லான் (மறைவு ஹி. 749) ஆகுமானது என்று ஃபத்வா அளித்தார். இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (மறைவு ஹி. 660) தடுத்தார் என ஒரு செய்தி உண்டு, அச்செய்தி உறுதியானதன்று எனப் பின்வந்த சட்டநூலார் எழுதினர். ‘ஹயாத்துல் ஹயவான்’ இயற்றிய கமாலுத்தீன் அத்தமீரி (மறைவு ஹி. 808) ஆகுமானது என்ற பக்கமே நின்றார். அவர் சட்ட அறிஞராகவும் விலங்குகளைப் பற்றிப் பேரகராதி தொகுத்தவராகவும் ஒருங்கே விளங்கியது ஈண்டு நோக்கத்தக்கது. ஓர் உயிர் இன்னதென்று அறியாமல் அதன் சட்டத்தைச் சொல்ல இயலாது. இதனை உணர்ந்தவர்களுக்கு விலங்கியல் ஓர் அயல் கலையாகத் தோன்றியதில்லை.

குளியாளிகளின் கல்வி

ஏட்டறிவுக்கு வெளியே மற்றொரு கல்வி நடந்து வந்தது. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, இராமேசுவரம் கடல்களில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் பரவரும் முஸ்லிம்களுமாவர். கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளைச் சென்ற நூற்றாண்டின் ஆய்வறிக்கைகள் பலமுறை குறிக்கின்றன. கடலடியில் சிப்பி படியும் திட்டுகளைப் ‘பார்’ என்றனர். எந்தப் பாரில் எந்த ஆழத்தில் சிப்பி முதிர்ந்திருக்கும், எந்த மாதம் நீர் தெளியும், சங்கு எம்மணலில் ஊர்ந்து செல்லும் என்பன அவர்களுக்கு மூச்சோடு கலந்த அறிவு.

வணிகரிடம் அவ்வறிவு துல்லியமான அளவையாக வடிவெடுத்தது. முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதற்சல்லடையில் 20 துளைகள். பின்னர் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனப் பெருகிக் கடைசியில் 1,000 துளைகள். துளை மிகுதியாக ஆக முத்து சிறுக்கும். சல்லடையில் பருமன் பிரித்தபின் உருண்டை, ஒளி, நிறம் பார்த்து ஆணி, குறுவல், வடிவு, மடங்கு, தூள் எனப் பல பெயர்களில் வகுத்தனர். இன்றைய ஆய்வாளர் கடலடி மணலைப் பல கண்ணளவுள்ள சல்லடைகளில் அலசிச் சிற்றுயிர்களைப் பிரிப்பதைப் பார்த்தால் இந்தப் பித்தளைச் சல்லடைகளே நினைவுக்கு வரும். கருவி ஒன்றே; கேட்ட வினாதான் வேறு. வணிகர் ‘இதன் விலை என்ன’ என்று கேட்டனர். ஆய்வாளர் ‘இவ்விடத்தில் எத்தனை வகை உயிர்கள், ஒவ்வொன்றும் எத்தனை’ என்று கேட்கின்றனர்.

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிக் குவித்தவை பல. அவற்றுள் பெரும்பகுதி மார்க்கச் சட்டம், வழிபாடு, மருத்துவம், இலக்கியம் ஆகியவற்றைச் சார்ந்தது. குளியாளியின் கடலடி அறிவு வாய்மொழியாகவே நின்றது. தூத்துக்குடிப் பகுதியின் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்து ஓய்ந்தபோது, அவ்வறிவைக் கைமாற்றிக்கொள்ளும் தேவையும் ஓய்ந்தது. எழுதப்பட்டதே எஞ்சியது. எழுதியவர்கள் பிறர்.

அருங்காட்சியகமும் கிறித்தவக் கல்லூரியும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டனை மானிடவியல் நூல்களால் பலரும் அறிவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் அங்குள்ள கடலுயிர்களைப் பற்றியும் அவர் 1890-இலேயே குறிப்புகள் வெளியிட்டார். அக்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதன் உயிரியல் பேராசிரியர் ஜே.ஆர். ஹென்டர்சன், நண்டு, இறால் முதலிய ஓட்டுடலிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் 1911-இல் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றார். கல்லூரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு பாலம் அமைந்தது. 1898-இல் மெல்வில், ஸ்டாண்டன் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த கடல் மெல்லுடலிகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினர். நம் கரைக்கெனத் தனியாக வெளிவந்த தொடக்ககாலப் பட்டியல்களுள் அஃது ஒன்று.

இத்துறையில் ஜேம்ஸ் ஹோர்னெல் (1865-1949) என்பாரின் பணி தனித்துக் குறிக்கத்தக்கது. 1902-இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மனுக்கு உதவியாளராக வந்த அவர், பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். 1914-இல் வெளியான அவரது சங்கு பற்றிய தனிநூல் அவ்வுயிரின் வாழ்வு, அதைக் குளித்தெடுப்போர், வங்காளத்தில் அதை அறுத்து வளையல் செய்வோர் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பேசுகிறது. குளியாளியின் சொல்லைக் கேட்டு, அதைக் கடலில் சோதித்து, பின்பே எழுதினார். 1921-இல் தென்னிந்தியாவின் பொது மெல்லுடலிகளைப் பற்றி அவர் எழுதிய மீன்துறை வெளியீடு பிற்கால மாணவர்களுக்குக் கைவிளக்காயிற்று.

கரை ஒதுக்கியவை

1920 முதல் 1940 வரை அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த எஃப்.எச். கிரேவ்லி சிலந்தி ஆய்விலும் ஈடுபட்டவர். சென்னைக் கடற்கரையில் கிடைக்கும் சிப்பி, சங்கு முதலியவற்றைப் பற்றிய அவரது நூல் அருங்காட்சியக வெளியீடாக இரு பகுதிகளில் வந்தது. இரட்டை ஓடுள்ளவை முதலியன அடங்கிய முதற்பகுதி 1941-லும், நத்தை இனங்கள் அடங்கிய இரண்டாம் பகுதி 1942-லும் வெளியாயின. ஒவ்வொன்றும் நூறு பக்கங்களைக் கடந்தது. கடற்கரையில் உலவும் எவரும் கையிலுள்ள ஓட்டை இன்னதென்று கண்டுகொள்ள உதவும் வகையில் அது அமைந்தது.

தலைப்பிலேயே கிரேவ்லி ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தார். கடலில் வாழும் உயிர்கள் என்னாது, கடற்கரையில் காணப்படும் ஓடுகளும் எச்சங்களும் என்றே தலைப்பிட்டார். இவ்வேறுபாடு சிறிதன்று. கரையில் கிடக்கும் ஓடு, அவ்வுயிர் எங்கோ எப்போதோ வாழ்ந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அது அண்மையில் இறந்ததாக இருக்கலாம். பல்லாண்டு மணலில் புதைந்திருந்து வெளிப்பட்டதாகவும் இருக்கலாம். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் சொல்லை மட்டும் நோக்காது, அது எவர் வழியாக வந்தது என்று ஆராய்வர். கரை ஒதுங்கிய ஓட்டுக்கும் அத்தகைய ஆய்வு வேண்டும். அஃது எவ்வழியே இங்கு வந்தது?

சென்னையில் அவ்வழியே மனிதனால் மாறியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர மணல் வடக்கு நோக்கி நகரும்; வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். நிகரக் கணக்கில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1870-களில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியபின் அம்மணல் தெற்கில் தேங்கிற்று. மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிந்தது. ஆக, கிரேவ்லி நடந்து பொறுக்கிய அகன்ற மணற்பரப்பே ஒரு துறைமுகத்தின் விளைவு. எந்தப் பட்டியலையும் அது எழுதப்பட்ட இடத்தோடும் காலத்தோடும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

உயிருள்ளவற்றை அவை வாழுமிடத்திலேயே ஆராயும் பணியும் அதே காலத்தில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். கோபால ஐயரும் என். கேசவ பணிக்கரும் சென்னையின் உவர்நீர் உயிர்களைப் பற்றி 1937-இல் கட்டுரை வெளியிட்டனர். அடையாற்றின் கழிமுகம் அவர்களுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. மழைக்காலத்தில் நன்னீர் புரண்டு வரும். கோடையில் உப்பு ஏறும். மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்தால் நீர் தேங்கும். இவ்வளவு மாற்றத்தையும் தாங்கி வாழ்பவை எவை, தாங்காமல் மடிபவை எவை என்பதே அவர்களது வினா. அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஸ்.டி. சத்தியமூர்த்தி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மெல்லுடலிகளை 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் என்.வி. சுப்பா ராவ் இந்தியக் கடற்சங்கு வகைகளைப் பற்றிய நூலை 2003-இல் அளித்தார். முத்துச் சிப்பியிலோ, 1973-இல் தூத்துக்குடியில் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அவர் பின்னாளில் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையம் தென்சென்னைக்கு அப்பால் முட்டுக்காட்டில் உள்ளது.

தாம்பரத்திலிருந்து பழவேற்காட்டுக்கு

பணிக்கர், ஐயர் கட்டுரை வெளிவந்த அதே 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தின் 365 ஏக்கர் புதர்க்காட்டுக்கு இடம் பெயர்ந்தது. கடலை விட்டு விலகி வந்த கல்லூரி கடலை மறந்துவிடவில்லை. அதன் விலங்கியல் துறைத் தலைவராகப் பணியாற்றிய பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைப் பழவேற்காடு ஏரிக்கு ஈந்தார். தாம்பரம் நகரின் தென்கோடி. பழவேற்காடோ நகருக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டியது. அவ்வளவு தொலைவு சென்று ஆராயத்தக்க செல்வம் அங்கிருந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. அங்குள்ள மீன், நண்டு, இறால், சிப்பி முதலியவற்றைத் தொகுத்துரைக்கும் அவரது நூலை, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது.

பழவேற்காடு நமக்கு அயலூரன்று. மரைக்காயர் குடும்பங்களும் பழைய பள்ளிவாசல்களும் உள்ள ஊர். டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டுமுன்பே கடல் வணிகத்தில் பெயர் பெற்றது. அவ்வேரியின் சிப்பி ஓடுகள் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சென்றன. சிப்பிச் சுண்ணாம்பை நன்கு அரைத்துப் பல பூச்சாகப் பூசி மெருகேற்றியதே பளிங்கென மின்னிய ‘சென்னைச் சுண்ணம்’. வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதிய அச்சுவர்கள், உண்மையில் கோடிக்கணக்கான மெல்லுடலிகளின் எச்சம். தெற்கே கோவளமும் இத்தகைய ஊரே. தமீம் அன்சாரி அவர்களின் தர்ஹாவுள்ள அவ்வூருக்கு நவாபுகள் காலத்தில் ‘சஆதத் பந்தர்’ என்ற பெயரும் வழங்கிற்று. அதன் பக்கத்திலேதான் முட்டுக்காட்டு உப்பங்கழி.

சஞ்சீவராஜ் போன்றோரின் ஆய்வில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். தர்ஸ்டன் காலத்து வினா, இதிலிருந்து அரசுக்கு என்ன வருவாய் என்பது. கிரேவ்லி காலத்து வினா, இதன் பெயர் என்ன என்பது. இவர்கள் காலத்து வினா, இவ்வேரியை நம்பி வாழும் மீனவர்க்கு நாளையும் இது கிடைக்குமா என்பது. சிப்பிப் படுகையை வெறும் சுண்ணாம்புக் குவியலாகக் காணாமல், நீரை வடிகட்டிப் பிற உயிர்களுக்கும் புகலிடம் தரும் உயிருள்ள அமைப்பாகக் காணும் பார்வை இது.

பெயர்களும் அவற்றின் மாற்றமும்

நம் கழிமுகங்களில் பாறைகளிலும் பாலத் தூண்களிலும் ஒட்டி வளரும் உணவுச் சிப்பிக்கு 1916-இல் பிரெஸ்டன் என்னும் அறிஞர் பெயரிட்டபோது சென்னையின் பெயரையே சூட்டினார். ‘மதராசென்சிஸ்’ என்ற அப்பெயரால் அது பல்லாண்டு அறியப்பட்டது. அதைத் தனியினமாகக் கொள்ளாது, ‘மெகல்லானா பைலினியாட்டா’ என்ற பழைய இனத்துள் அடக்குகின்றனர் இன்றைய வகைப்பாட்டாளர். நகரின் பெயரும் மாறிற்று. சிப்பியின் பெயரும் மாறிற்று. அறிவியலில் பெயர் மாறுவது குழப்பத்தின் அடையாளமன்று. மூலப்படிகளை மீண்டும் ஒப்புநோக்கி, முன்னவர் முடிவைத் திருத்தும் ஒழுங்கு அது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்வோர் இதனை எளிதில் உணர்வர்.

வேறொரு பெயர் மீனவரிடமிருந்து வந்தது. அண்மை ஆண்டுகளில் எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளில் கருநிறச் சிறு சிப்பி ஒன்று தரையெங்கும் பாயாகப் படர்ந்தது. மீனவர் அதைக் ‘காக்கா ஆழி’ என்றனர். வெப்பமண்டல அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட ‘மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா’ என்று அறிவியலார் அதனை இனங்கண்டனர். கேரள உப்பங்கழிகளில் 2019-இலேயே இது பதிவாயிற்று. கப்பல்களின் நிலைநிறுத்து நீரோடும் அடிப்பகுதியில் ஒட்டியும் இத்தகைய உயிர்கள் கடல் கடந்து வருகின்றன. இறால் இரைதேடும் சேற்றையும் உள்ளூர் மட்டி வாழும் தரையையும் இது மூடிவிடுகிறது என்பது மீனவரின் முறையீடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை அம்முறையீடு சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது அந்நீர்நிலையின் துயரம் இரட்டித்தது.

இங்கேதான் பழைய பட்டியல்களின் பயன் தெளிவாகிறது. ஓர் உயிர் ‘புதிதாக வந்தது’ என்று சொல்ல, முன்பு இருந்தவை எவை என்ற சான்று வேண்டும். ‘அழிந்தது’ என்று சொல்லவும் அதே சான்று வேண்டும். 1937-இன் கட்டுரையும் 1941, 1942-இன் நூலும் எழுதப்பட்டபோது யாரும் அவற்றை வழக்குமன்றச் சான்றாக எண்ணி எழுதவில்லை. ஆனால் இன்று ஒரு கழிமுகத்துக்காக வாதாடுவோர்க்கு அவையே முதற்சாட்சிகள். எழுதிவைக்கப்படாத நிலத்துக்குச் சாட்சி சொல்ல எவருமில்லை.

எண்ணும் முறை

மெல்லுடலிப் பன்மையை ஆராய்வோர் இன்று செய்யும் பணி எளிய கருவிகளால் ஆனது. அலையேறும் கோட்டிலிருந்து அலையிறங்கும் கோடு வரை கயிறு கட்டுவர். அதனூடே குறித்த இடைவெளியில் ஒரு சட்டத்தை வைத்து, சட்டத்துள் உள்ள உயிர்களையெல்லாம் எண்ணுவர். மணலைத் தோண்டிச் சல்லடையில் அலசுவர். உயிருள்ளவை, வெற்றோடு என இரண்டையும் தனித்தனியே குறிப்பர். இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை உயிர்கள் என்பதும் வேண்டும். பத்து இனங்கள் ஏறத்தாழச் சமமாக வாழும் கரையும், பத்து இனங்களுள் ஒன்றே பெருகி மற்றவை அருகிய கரையும் ஒன்றல்ல. இரண்டாவது கரை நோயுற்றது. பின்னர் அதே இடத்துக்கு அதே மாதத்தில் மீண்டும் மீண்டும் செல்வர். ஒருமுறை எண்ணுவது செய்தி. ஆண்டுதோறும் எண்ணுவதே வரலாறு.

சட்டமும் இவ்வறிவின்மேல்தான் நிற்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001-இல் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. பெருஞ்சிப்பிகளும் சில பெரிய சங்கினங்களும் அவற்றுள் அடங்கும். மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் அழகுக்காக வாங்கப்படும் ஓடுகளுள் எது தடைக்குட்பட்டது, எது அன்று என்பதை அறிய, வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் அதிகாரிக்கும் இன அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். தனீலஸ் பற்றிய பழைய வினாவே புதிய உடையில் மீண்டும் வருகிறது: இவ்வுயிர் இன்னதென்று தெளிந்தபின்பே அதைப் பற்றிய சட்டம்.

நம் பங்கு

தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் கிரசென்ட் கல்வி நிறுவனத்தை 1984-இல் நிறுவிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் (1927-2015) கீழக்கரையில் பிறந்தவர். சங்குக் குளிப்புக்குப் பெயர்பெற்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், தலைநகரின் தென்புறத்தில் கல்விக்கூடம் எழுப்பினார். நம் சமுதாயம் கடலிலிருந்து கல்விக்கு நடந்த வழியை இந்த ஒரு வாழ்விலேயே காணலாம். அக்கல்வி திரும்பக் கடலை நோக்குவது எப்போது என்பதே எஞ்சியுள்ள வினா.

கீழக்கரையிலும் காயலிலும் பழவேற்காட்டிலும் முதியவர்கள் இன்னும் சில பெயர்களை நினைவில் வைத்திருக்கின்றனர். பாரின் பெயர், காற்றின் பெயர், சிப்பியின் பெயர், முத்துத் தரத்தின் பெயர். விலங்கியல் பயிலும் நம் மாணவர் அப்பெயர்களைக் கேட்டு, அறிவியற் பெயரோடு இணைத்து, நாள் குறித்து எழுதிவைத்தால், ஹோர்னெல் அயலவராய் நின்று செய்த பணியை உள்ளிருந்தே நிறைவு செய்தவராவர். அரபுக் கல்லூரி மாணவர்க்கும் இதில் இடமுண்டு. பிரூனியின் முத்து இயலையும் தமீரியின் கடலுயிர்ப் பதிவுகளையும் நல்ல தமிழில், இன்றைய இனப்பெயர்களோடு தர அரபும் விலங்கியலும் கைகோக்க வேண்டும். ஒருவரால் ஆகாதது அது. ஒரு கல்லூரிக்கும் அடுத்த கல்லூரிக்கும் இடையே ஒரு பாலம் இருந்தால் ஆகும். ஹென்டர்சன் காலத்தில் அத்தகையதொரு பாலம் இருந்தது.

கோவளத்துக் கரையிலோ திருவான்மியூர்க் கரையிலோ காலையில் ஒதுங்கும் ஓடுகள் மாலைக்குள் மணலில் மறையும். அவற்றுள் எவை இவ்வாண்டு குறைந்தன, எவை புதிதாக வந்தன என்பதைக் குறித்துக்கொள்ள விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், சரியான பெயரறிவும், ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பும் பொறுமையும் போதும். எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பட்டியல் நம் கையில் இருக்கிறது. அடுத்த பட்டியலை எழுதவேண்டியவர்கள் இன்றைய மாணவர்கள்.